பிள்ளை எந்த இனம்?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், பிள்ளைகளின் போஷாக்கு என்று ஏதாவது பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். செயலாளர் அக்காவும் அப்படித்தான் கேட்டார். அவற்றை நான் கிளினிக்கில் தினமும் பேசுகிறேன். இந்த மேடையில் வேறொரு விடயம் பேச அனுமதி கேட்டேன். பேசுங்கள் என்றார். அவருக்கு நன்றி.

நான் பேச வந்தது, தாய் ஓர் இனமும் தந்தை வேறோர் இனமுமாகப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி. இந்தச் சபையில் பலருக்குத் தெரியும், நானும் அப்படிப்பட்ட பிள்ளைதான். அப்பா இராகலைப் பக்கத் தோட்டமொன்றில் ஸ்டோரில் வேலை செய்தவர், தமிழர். அம்மா வலப்பனைப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்த சிங்களவர். அப்பாவைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்து, கொழுந்து பறிக்கப் பழகி, ஒரே வருடத்தில் தமிழும் பழகிக்கொண்டார். லயத்தில் கடைசிவரை அவருக்குப் பெயர் 'சிங்கள அக்கா'. அவர் பிறந்த கிராமத்தில் அவருக்குப் பெயர், தோட்டத்துக்குப் போன மகள்.

எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை இருந்தது. சிங்களத்தில் 'தாத்தா' என்றால் அப்பா. தமிழில் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. அம்மா வாசலில் நின்று "தாத்தாவைக் கூப்பிடு" என்றால் யாரைக் கூப்பிடுவது என்று எங்களுக்குத் தெரியாது. பல நேரம் இருவரும் எழுந்து வருவார்கள். அக்கா என்ற சொல்லில் மட்டும் குழப்பமே இல்லை. இரண்டு மொழியிலும் அக்கா அக்காதான்.

வீட்டுக்குள் இது சிரிப்பாக இருந்தது. வெளியே போய் ஒரு படிவத்தை நிரப்பும்போதுதான் அது கேள்வியானது.

நம் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். நம்மில் அநேகரிடம் உள்ள பழைய படிவத்தில் தந்தையின் இனம் என்று ஒரு கட்டம், தாயின் இனம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம். அதற்கும் கீழே பூட்டனார். பிள்ளை பிறந்ததைப் பதியும் தாளில் பூட்டனுக்கு என்ன வேலை என்று நீங்கள் யோசித்திருக்கக்கூடும். அந்தக் கட்டங்கள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் சுவடு. இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்டது. லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருந்தது? அப்படித்தான் நம் சனம் நாடற்றவரானது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நாடற்றவர் தொகை 975,000 என்று கணக்கிட்டார்கள். அதில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவானது. அந்த மிச்சத்தை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள்.

இந்த வரலாறு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன். அந்தச் சட்டம் தகப்பன் வழியைத்தான் பார்த்தது. முறைப்படி கலியாணம் செய்த ஒரு சிங்களத் தகப்பனுக்கும் தோட்டத்துத் தாய்க்கும் பிறந்த பிள்ளை பிரஜை. நாடற்ற தமிழ்த் தகப்பனுக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த பிள்ளை நாடற்ற பிள்ளை. என் அம்மாவின் பாட்டன், பூட்டன் எல்லோரும் வலப்பனை மண்ணில் பிறந்து அங்கேயே மாண்டவர்கள். அம்மா இந்நாட்டின் பிரஜை. ஆனால் அவர் வயிற்றில் பிறந்த நாங்கள் மூவரும் பிரஜைகள் அல்ல. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே அப்பாவும், அவரோடு நாங்களும் பிரஜைகளானோம். அப்போது நான் இந்தப் பாடசாலையில் சின்ன வகுப்பில் இருந்தேன்.

2003ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. 35ஆம் இலக்கச் சட்டம், மிச்சமிருந்த நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை தந்தது. அதைப் பற்றி மலையகத்தில் நிறையப் பேசினோம். அதே ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடைக்கலாம் என்றது. பெண்கள் படித்த பாடசாலையின் மேடையில் அதையும் ஒருமுறை சொல்லத்தான் வேண்டும். ஒரு தாயின் நாடு பிள்ளைக்கும் நாடு என்று சட்டம் ஒத்துக்கொள்ள 55 வருடங்கள் எடுத்தன.

ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே இப்படி ஒரு கோடு எப்படி வந்தது? உடப்புசல்லாவையில் நின்று பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். மேலே தேயிலை மலை. கீழே வயலும் கிராமமும். நடுவில் ஒரு ஓடை, அல்லது ஒரு தார் ரோடு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்க முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலம் என்றது. கிராமத்தவர் சேனை செய்த நிலம், மாடு மேய்த்த நிலம், விறகு எடுத்த நிலம் எல்லாம் கோப்பித் தோட்டமாகி, பின்னர் தேயிலைத் தோட்டமாயிற்று. அந்தத் தோட்டத்தில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்டவர்கள் நம் முன்னோர். நிலத்தை எடுத்தவர் துரை. ஆனால் கிராமத்தவரின் கண்ணுக்குத் தினமும் தெரிந்தது துரையல்ல, லயம்தான். லயத்தவருக்கோ அந்த மண்ணில் ஒரு பேர்ச்சஸ்கூடச் சொந்தமில்லை. நிலத்தை இழந்த ஒரு கூட்டமும் நிலமே கிடைக்காத ஒரு கூட்டமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஒரே ஓடையில் தண்ணீர் எடுத்தன. கண்டி விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் அறிக்கை தந்தபோது கிராமத்து வறுமை பதிவானது. அதே காலத்தில் தோட்டத்து மக்கள் வாக்குரிமை இழந்து நின்றார்கள். இரண்டு துயரமும் ஒரே மலையில் இருந்தும், தனித்தனிக் கோப்புகளில் எழுதப்பட்டன.

ஆனாலும் ஓடையைத் தாண்டி ஆட்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். நாட்டுப்பக்கத்திலிருந்து மரக்கறியும் பலாக்காயும் தோட்டத்துக்கு வந்தன. தோட்டத்துத் தேருக்குக் கிராமத்தவர் வந்தார்கள். வெசாக் பார்க்க நாங்கள் போனோம். கலியாணங்களும் நடந்தன. அவற்றை யாரும் கொண்டாடவில்லை. என் அப்பாயி, சாதி தெரியாத பெண் என்று ஒரு வருடம் அம்மா கையால் சாப்பிடவில்லையாம். அம்மாவின் வீட்டாரும் அண்ணன் பிறக்கும் வரை படியேறவில்லை. இரண்டு பக்கமும் கதவு மூடியபோது அம்மாவுக்கு இருந்தது பக்கத்துக் காம்பராத் தமிழ்ப் பெண்கள்தான்.

1983 யூலையில் நுவரெலியா நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. தோட்டங்களில் சனம் தேயிலைச் செடிகளுக்குள் இரவைக் கழித்தது. எங்களைத் தேடி வந்து கிராமத்துக்குக் கூட்டிப்போனவர் அம்மாவின் அண்ணன், நான்கு வருடம் தங்கையோடு முகம் கொடுத்துப் பேசாத அதே மாமா. அப்பா போகவில்லை. வயதான தாயை விட்டுப் போக மாட்டேன் என்று லயத்திலேயே இருந்தார். எட்டு நாள் அம்மா, புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் பிறந்த வீட்டில் இருந்தார். எனக்கு அப்போது மூன்று வயது. அம்மா சொல்லித்தான் தெரியும். கலவரம் என்றால் இனத்துக்கும் இனத்துக்கும் நடுவே நடப்பது என்று நினைக்கிறோம். எங்களைப் போன்ற வீடுகளில் அது சாப்பாட்டுத் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே நடந்தது.

கலப்புப் பிள்ளைகள் என்றால் ஏதோ இந்தக் காலத்துப் பழக்கம் என்று சில பெரியவர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வெள்ளைக்காரத் துரைமார் சிலருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் நம் மலைகளில் எப்போதும் இருந்தார்கள். தகப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளைகள். சிலர் லயத்திலேயே வளர்ந்தார்கள். சிலர் இல்லங்களில் விடப்பட்டார்கள். நுவரெலியாவில் பெயின்ரர் குடும்பத்தார் நடத்திய இல்லம் அப்படிப்பட்ட பிள்ளைகளை ஏற்று வளர்த்தது. அந்தக் குடும்பத்திலிருந்து வந்தவர்தான் ஓவியர் டேவிட் பெயின்ரர். தந்தை ஆங்கிலேயர், தாய் சிங்களவர். கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தின் சுவரோவியங்கள் அவர் வரைந்தவை. டார்ஜீலிங், அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் இதே கதைதான். அங்கே 1900இல் காலிம்பொங்கில் கிரகாம் பாதிரியார் ஓர் இல்லம் தொடங்கினார். அங்கு வளர்ந்த பிள்ளைகளில் 130 பேர் 1908க்கும் 1938க்கும் இடையில் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். தாயின் பெயரே தெரியாமல் வாழ்ந்து மறைந்தவர்கள் அவர்களில் உண்டு. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தத் தாய்மாரைத் தேடி வருகிறார்கள்.

இனி ஒரு வைத்தியராகச் சில வார்த்தை. "இரத்தம் வேற வேற டொக்டர், பிள்ளைக்கு ஏதும் வருமா?" என்று கேட்ட மாமியார்கள் உண்டு. இரத்த வங்கியில் பொதியின் மேல் ஏ, பி, ஓ என்று வகை எழுதியிருக்கும். தமிழ் இரத்தம், சிங்கள இரத்தம், முஸ்லிம் இரத்தம் என்று எழுதியிருக்காது. உடப்புசல்லாவையில் பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்ட தாய்க்கு ஏறும் இரத்தம் யாருடையது என்று ஏற்றுகிற எங்களுக்கே தெரியாது. அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1972இல் ஒரு கணக்குப் பார்த்தார். மனிதர்களுக்குள் உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 வீதம் ஒரே கூட்டத்துக்குள்ளேயே இருப்பது என்று கண்டார். அதாவது, பக்கத்து லயத்து ஆளுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசமே பெரிது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆளோடு உள்ள வித்தியாசம் அதன் மேல் கொஞ்சம்தான். உண்மையில் மருத்துவர்கள் கொஞ்சம் யோசிப்பது நெருங்கிய சொந்தத்துக்குள் செய்யும் கலியாணத்தைப் பற்றித்தான். தலசீமியா போன்ற நோய்களின் காவிகளாகத் தாயும் தகப்பனும் இருக்கும் வாய்ப்பு அங்கே கூடுதல். எந்த இனமானாலும், எந்தச் சம்பந்தமானாலும், கலியாணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அப்படியென்றால் இனம் என்பதே பொய்யா? இல்லை. உடம்புக்குள் இல்லை என்பதால் வாழ்க்கையில் இல்லை என்றாகாது. என் பெயரைச் சொன்னதும் ஓர் அலுவலகத்தில் எழுந்து வந்து உதவுகிறார்கள். இன்னோர் அலுவலகத்தில் தலை நிமிராமலே "நாளைக்கு வாங்க" என்கிறார்கள். இனம் என்பது கணக்கு. யார் எத்தனை பேர், யாருக்கு எத்தனை ஆசனம், எத்தனை பாடசாலை என்ற கணக்கு.

அந்தக் கணக்கை எடுப்பது குடிசன மதிப்பீடு. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று நம்மை முதலில் வேறாக எண்ணினார்கள். 1953இல் இந்தியத் தமிழர் எனப்பட்டோர் சனத்தொகையில் சுமார் 12 வீதம். 1981இல் 5.5 வீதம். 2012இல் சுமார் 4 வீதம். பெரும்பகுதிக் குறைவு, கப்பலேறிப் போனவர்களால் வந்தது. இன்னொரு பகுதி, 'இந்திய' என்ற சொல் திரும்பவும் ஆபத்தைக் கொண்டுவருமோ என்று பயந்து, அல்லது நாம் இந்நாட்டவர்தானே என்று நினைத்து, இலங்கைத் தமிழர் எனப் பதிந்ததால் வந்தது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் 'மலையகத் தமிழர்' என்ற பெயர் அந்த வரிசையில் சேர்ந்தது. பலர் பாடுபட்டுப் பெற்ற பெயர் அது.

ஆனால் அந்த வரிசையில் இரண்டையும் சேர்த்துச் சொல்ல இடமில்லை. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர் தங்கை என்னைக் கேட்டபோது, மலையகத் தமிழர் என்று பதியச் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருந்தார். அவருக்கு வருத்தமா என்று பிறகு கேட்டேன். "எண்ணுறதுக்கு ஆள் குறைஞ்ச பக்கம் நில்லு, அதுதான் நியாயம்" என்றார், தமிழில்.

அவர் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். குறைந்துவரும் ஒரு சமூகத்திலிருந்து, நான் எந்த இனமும் இல்லை என்று பெருமையாக விலகிப் போவது சுலபம். படித்து, உத்தியோகம் பார்த்து, நகரத்தில் வீடும் வாங்கிவிட்டால் இன்னும் சுலபம். லயத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு வீட்டுத்திட்டமும் காணித்துண்டும் ஆசிரியர்களும் வர வேண்டுமானால் எண்ணிக்கை வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்கத்தான் வேண்டுமா? வேண்டாம் என்று பிற நாடுகள் காட்டியிருக்கின்றன. சிங்கப்பூரில் 2011 ஜனவரி முதல் தாயினதும் தந்தையினதும் இனம் இரண்டையும் சேர்த்துப் பதியலாம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களில் அடையாளம் இடலாம். அப்படி இட்டவர்களை ஒவ்வொரு கூட்டத்தோடும் சேர்த்து எண்ணியும் காட்டுகிறார்கள், ஆகையால் எந்தச் சிறுபான்மையும் குறைந்துபோவதில்லை. இதற்கு எதிர்மாறான பாதையும் உலகம் பார்த்ததுதான். தென்னாபிரிக்கா 1950இல் ஒரு சட்டம் போட்டு ஒவ்வொருவரையும் ஓர் இனத்துக்குள் அடைத்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஓர் இனம், தம்பி வேறோர் இனம் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. அந்தச் சட்டம் 1991இல்தான் நீங்கியது. நம் நாட்டிலும் இரண்டையும் சொல்ல ஒரு கட்டம் வர வேண்டும் என்று நான் கேட்கிறேன். அது வரும்வரை அவரவர் மனச்சாட்சிப்படி பதியட்டும். யாரும் யாரையும் துரோகி என்று சொல்ல வேண்டாம்.

இப்போது கிளினிக்கில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் பள்ளியை முடித்துக் கொழும்புக் கடைகளுக்கும் கட்டுநாயக்க, பியகம ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே சிங்கள, முஸ்லிம், வடக்கு கிழக்குத் தமிழ்ப் பையன்களோடு பழக்கமாகிறது. சிலர் கலியாணம் செய்கிறார்கள். சிலர் இரண்டு வீட்டுப் பயத்தில் பதியாமலே சேர்ந்து வாழ்கிறார்கள். பிறகு வயிற்றில் பிள்ளையோடு தனியாக லயத்துக்குத் திரும்பி வருகிறார்கள். பிரசவ வார்டில் தந்தை பெயர் கேட்டால் சுவரைப் பார்க்கிறார்கள். பிறப்புப் பதிவில் தந்தையின் கட்டம் வெறுமையாகப் போகிறது. ஐந்து வருடம் கழித்துப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது அந்த வெறுமை முன்னால் வந்து நிற்கிறது. தமிழ்மொழிப் பாடசாலையா, சிங்களமொழிப் பாடசாலையா என்ற கேள்வியும் சேர்ந்து வருகிறது. நம் நாட்டில் மொழியைத் தெரிந்தெடுத்தால் நண்பர்களையும், பெரும்பாலும் எதிர்கால அயலவர்களையும் தெரிந்தெடுத்ததாகிவிடுகிறது.

இங்கேதான் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. மூன்று காரியம் கேட்கிறேன்.

முதலாவது, பதிவு. இருவேறு இனத்தவர் பொது விவாகப் பதிவுச் சட்டத்தின் கீழ் தாராளமாகப் பதியலாம். பதினெட்டு வயது பூர்த்தியானால் போதும். கலியாணம் பதியாவிட்டாலும், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால் தந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவில் சேர்க்கலாம். இது தெரியாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள்! நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருக்கிறீர்கள், பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர்கள் இருக்கிறீர்கள், ஒரு சட்டத்தரணித் தங்கையும் இருக்கிறார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்த மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும்.

இரண்டாவது, மொழி. அயல் கிராமத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒரு சனிக்கிழமை வகுப்பு. அவர்களுக்குத் தமிழ், நமக்குச் சிங்களம். பரீட்சைக்கு அல்ல, பேசுவதற்கு. என் அம்மா தமிழை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கொழுந்து மலையில் பெண்களோடு நின்று படித்தார்.

மூன்றாவது, வாய். 'தோட்டக்காட்டான்' என்று நம்மை யாராவது சொன்னால் நமக்கு எப்படிக் கொதிக்கிறது! அதே நாக்கால் ஒரு பிள்ளையைப் 'பாதி' என்றும் 'கலப்பு' என்றும் சொல்லக் கூடாது. இந்தப் பாடசாலையில் நான் சேர்ந்த அன்று பெரிய டீச்சர் அம்மாவிடம் இரண்டு கேள்விதான் கேட்டார். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, வீட்டில் விளக்கு இருக்கிறதா, படிக்க. இனம் கேட்கவில்லை. பிற்காலத்தில் வகுப்பில் சில பிள்ளைகள் கேட்டார்கள், நான் அழுதிருக்கிறேன், அது வேறு. ஆனால் அந்த டீச்சரின் இரண்டு கேள்வி போட்ட அத்திவாரத்தில்தான் நான் மருத்துவக் கல்லூரிவரை போனேன்.

கூட்டம் முடிந்ததும், மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கும். சனிக்கிழமை மேசைக்கு நேரம் தரக்கூடியவர்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் அம்மாவினுடையது; எழுபது வயதிலும் சிங்கள வகுப்புக்குத் தான் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நம் பாடசாலை இன்னும் நூறு ஆண்டு வாழட்டும்.